பின்னறைக்கு ஒரு இலை

ஆனி பிறந்து சாரல் பிடித்திருந்த ஒரு மத்தியானம். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஞானபாக்கியம் டீச்சர் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நடந்து வந்தாள். ஆலங்குளத்தில் பஸ் ஏறும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. தென்காசி மொட்டைக் கோபுரம் கண்ணில் பட்டதும் காற்றில் ஈரம் தட்டியது. குற்றாலத்தில் இறங்கினால் பட்டப்பகலிலேயே விளக்கு வைக்கலாம் போல இருட்டு. மலை நின்ற இடத்தில் மலையைக் காணோம், மேகம்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அவள் குளிக்க வரவில்லை. ஆலங்குளத்துப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை. அந்த வருஷத்துக் கல்விச் சுற்றுலா அவள் தலையில் விழுந்திருந்தது. விழுந்தது என்று சொன்னால் பாவம், அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சித்திரசபையில் சுவர் ஓவியங்கள், அரசாங்கப் பழத்தோட்டத்தில் செடிகொடிப் பாடம், ஐந்தருவியில் குளியல், பொழுது சாய்வதற்குள் வீடு. இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாக்கி ஒன்றுதான். பிள்ளைகள் எண்ணெய் தேய்க்க, உடுப்பு மாற்ற, சாப்பிட ஒரு இடம் வேண்டும். சீசனில் குற்றாலத்தில் இடம் கேட்பதும் கல்யாண வீட்டில் தலையணை கேட்பதும் ஒன்று. கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

கடைசியில் தென்காசி முதலாளி ஒருத்தர் தன் பழைய பங்களாவைத் தருவதாகச் சொல்லியனுப்பினார். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள்.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வடிவம்மாள் வாசலிலேயே நின்றாள். வாய் நிறைய வெற்றிலை.

“வாங்க டீச்சர். கோழி மாதிரி நனைஞ்சி வந்திருக்கிய. உள்ள வாங்க.”

பெரிய ஹால். சிவப்புச் சிமிண்டுத் தரை, பளிச்சென்று. அடுப்படி, கிணறு, கக்கூஸ் எல்லாம் வசதி. ஞானபாக்கியத்துக்கு வாயெல்லாம் பல். எங்கே பந்தி போடுவது, எங்கே துணி காயப்போடுவது என்று மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

“முதலாளி வாடகையே வேண்டாம்னுட்டாவ. ஒரே ஒரு கண்டிசன்தான்,” என்றாள் வடிவம்மாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள். “அந்தத் தெருப் பிள்ளைய ஆராவது வந்தா, ஹாலுக்குள்ள ஏத்தக் கூடாது. பின்னறை ஒண்ணு கெடக்கு. அங்கன உடுப்பு மாத்திக்கிடட்டும். அங்கனயே எலை போட்டுருதேன்.”

ஞானபாக்கியத்துக்குக் காது மடல் சுட்டது. அவள் நினைப்பு நேரே மாடத்தியிடம் போய் நின்றது.

மாடத்தி ஆறாம் வகுப்பு. அந்தத் தெருவிலிருந்து சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்த ஒரே பிள்ளை.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைத் தலை எண்ண மாட்டார்கள். எண்ணினால் குறையும் என்று ஒரு பயம். தலைமையாசிரியை கோமதியம்மாளோ ராகுகாலத்தில் பேனா மூடியைக் கூடத் திறக்காத ஆள். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கே கூட்டிப் போனாலும் ஜோடி முறைதான். ஆளுக்கொரு ஜோடி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார, அருவியில் கையைப் பிடித்துக்கொள்ள. விசில் ஊதினால் ஜோடியோடு கையைக் கோத்து உயரத் தூக்க வேண்டும். எந்தக் கை தனியாக நிற்கிறதோ அந்தப் பிள்ளையின் ஜோடியைக் காணோம் என்று அர்த்தம். எண்ணவே வேண்டாம், பார்த்தால் போதும்.

மாடத்தியை யாரோடு ஜோடி போடுவது என்றதும் வந்தது வினை. கடைக்காரர் வீட்டு அம்மா ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். “டீச்சர், எம் மக கைய அவ கையில கோத்துராதிய. எங்க மாமியா என்னைய உண்டு இல்லைனு ஆக்கிருவாவ.” பின்னாலேயே இன்னும் இரண்டு அம்மாக்கள்.

அப்போதுதான் ஞானபாக்கியம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள், “மாடத்திக்கு நான் ஜோடி.”

கோமதியம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது. மாடத்திக்கோ தலைகால் புரியவில்லை. “நெசமாவா டீச்சர்? நாள் பூராவுமா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஞானபாக்கியமும் நாலு நாளாகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தாத்தாவும் கிறிஸ்தவ வேதத்துக்கு வருமுன் எத்தனையோ வாசல்களுக்கு வெளியே நின்றவர்தான். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் அழுதவள் அவள்.

அப்படிப்பட்டவள் இப்போது வடிவம்மாளிடம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

“அந்த அறை எப்படி இருக்கு? பாக்கலாமா?”

பின்னறை, வீட்டை விட்டுத் தள்ளி ஓடைக்கரையில் இருந்தது. ஐந்தருவித் தண்ணீரிலிருந்து பிரிந்து வருகிற ஓடை. படிக்கல்லெல்லாம் பாசி. கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. பூசணமும் நல்லெண்ணெயும் பிழியாமல் போட்ட ஈரத்துணியும் கலந்த வாடை. ஜன்னல் கிடையாது. உள்ளே இருட்டு கட்டியாக நின்றது.

கண் பழகியதும் சுவரில் ஒன்று தெரிந்தது.

ஒரு கை.

சின்னப் பிள்ளையின் உள்ளங்கை, விரல் விரித்து, ஈரமாக. ஒரு பிள்ளை கையை உயரத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில்.

“இது என்ன?”

“சாரலுக்குச் சொவரு கசியும்,” என்றாள் வடிவம்மாள். முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஞானபாக்கியம் கழுத்தில் டிரில் வாத்தியாரிடம் வாங்கிய விசில் தொங்கியது. ஹாலில் நின்று ஊதினால் இங்கே கேட்குமா என்று பார்க்க வேண்டும். வடிவம்மாளை அங்கேயே நிறுத்திவிட்டு ஹாலுக்குப் போய் ஊதினாள்.

பின்பக்கமிருந்து ‘சப்’பென்று ஒரு சத்தம். ஈரக்கையால் சுவரில் அறைந்த மாதிரி.

ஓடிப் போனாள். வடிவம்மாள் வெளியே ஓடைக்கரைக்கு ஓடி வந்து நின்றிருந்தாள். சுவரில் அந்தக் கை மறுபடி இருந்தது. நீர் சொட்டியது.

“விசிலு எதுக்கம்மா ஊதினிய?” என்று முணுமுணுத்தாள் வடிவம்மாள். பிறகு சொன்னாள். போன வருஷமோ முந்தின வருஷமோ வேறு ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று வந்ததாம். அதில் ஒரு பிள்ளையைப் பின்னறையில் தனியாகச் சாப்பிட உட்கார்த்தினார்களாம். “தின்ன எலைய எடுத்து ஓடையில போட்டுட்டுக் கை கழுவப் போயிருக்கா. பஸ்ஸுக்கு விசிலு ஊதினாவ. வெரசலா எந்திரிச்சிருப்பா போல, பாசி வழுக்கிட்டு. ஹாலுல உள்ளதுதான் பிள்ளையனு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாவ. ஊரு போயிதான் தேடியிருக்காவ.”

“அந்தப் பிள்ளை பேரு என்ன?”

“ஆரு கண்டா? பேரு ஆருக்கும் தெரியல.”

கேட்ட பிறகாவது வேறு இடம் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கலாம்தான். ஆனால் சீசன். கோமதியம்மாள் பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டாள். சுற்றுலா நின்றால் ஊரே சிரிக்கும். ஒரு பிள்ளைக்காக இத்தனை பிள்ளைகளின் ஆசையில் மண்ணைப் போடவா என்று அவள் மனசு ஒரு நியாயத்தைத் தேடிப் பிடித்தது. கெட்ட காரியத்துக்கு நியாயம் எப்போதும் கூப்பிடு தூரத்தில்தானே நிற்கும்.

“சரி. நான்தான் கூடவே இருப்பேனே,” என்றாள். சொன்ன வாய் கசந்தது.

சுற்றுலா நாள் நல்லபடியாகத்தான் விடிந்தது. பஸ்ஸில் ஒரே பாட்டும் கும்மாளமும். முன் சீட்டில் மாடத்தி, டீச்சர் பக்கத்தில், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னின இரட்டைச் சடையோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. சித்திரசபையிலும் விடவில்லை. பிள்ளையின் கை கதகதப்பாக இருந்தது. ஞானபாக்கியத்துக்கு அந்தக் கதகதப்பைத் தாங்க முடியவில்லை.

பங்களா வந்தது. பிள்ளைகள் ஹோவென்று ஹாலுக்குள் ஓடினார்கள். மாடத்தியும் கால் எடுத்து வைத்தாள்.

“மாடத்தி, நீ அந்தப் பக்கம் போயி எண்ணெ தேச்சு உடுப்பு மாத்திக்கோ. அங்கன எடம் தாராளமா இருக்கு,” என்றாள் டீச்சர். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாடத்தி ஏன் என்று கேட்கவில்லை. அந்த வயசிலேயே அவளுக்குப் பழகிப் போயிருந்தது. டீச்சர் கையிலிருந்து தன் கையைத் தானே உருவிக்கொண்டு போனாள்.

‘செத்த நேரத்தில் நானும் போகிறேன்’ என்று ஞானபாக்கியம் நினைத்துக்கொண்டாள். அதற்குள் கோமதியம்மாள் கூப்பிட்டாள், எண்ணெய்க் கிண்ணத்தைக் காணோம் என்றாள், கடைக்காரர் மகளுக்குச் சடை பின்னச் சொன்னாள். போகவே இல்லை.

திரும்பி வந்த மாடத்தி டீச்சரின் முந்தானையை இழுத்தாள். காதுக்குள் சொன்னாள்.

“டீச்சர், அங்கன ஒரு அக்கா இருக்கா. அவளுக்கும் ஜோடி இல்லையாம்.”

ஞானபாக்கியம் பின்னறைப் பக்கம் பார்க்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கோட்டி மாதிரி பேசாதட்டி. வாய மூடிக்கிட்டு வா.”

ஐந்தருவியில் அன்றைக்கு மிதமாகத்தான் தண்ணீர் விழுந்தது. பெண்கள் பக்கம் கூட்டமில்லை. பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத் தலையைக் கொடுத்துக் கூச்சல் போட்டார்கள். ஞானபாக்கியம் மாடத்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். பின்னறையை மறக்கடித்துவிடலாம் என்று அவளுக்குச் சிரிப்புக் காட்டினாள்.

காற்று நின்றது.

அருவியின் சத்தம் கனத்தது. தண்ணீரோடு சருகு விழுந்தது, பிறகு ஒரு மரக்கொம்பு.

தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது.

“வெள்ளம்! ஏட்டி, மேல ஏறுங்கட்டி!” என்று யாரோ கத்தினார்கள்.

கடைக்காரர் மகள் வழுக்கி விழுந்து அலறினாள். ஞானபாக்கியம் பாய்ந்தாள். இரண்டு கையாலும் அவளை வாரி எடுத்தாள். பிறகு அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை. எல்லாரையும் படிக்கட்டுக்கு மேலே தள்ளிவிட்டு, மூச்சிரைக்க, விசிலை எடுத்து ஊதினாள்.

கைகள் உயர்ந்தன. ஜோடி ஜோடியாக, கோத்தபடி. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தாள். ஒரு கைகூடத் தனியாக இல்லை.

“எல்லாம் இருக்கு,” என்றாள்.

“குற்றாலநாதர் காப்பாத்தினாரு,” என்று கோமதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மழை கொட்ட ஆரம்பித்தது. நனைந்தபடியே பங்களாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஹாலில் பந்தி உட்கார்ந்தது. எலுமிச்சஞ் சோறு மணத்தது. ஞானபாக்கியம் குனிந்து குனிந்து பரிமாறினாள். பிள்ளைகள் பயத்தை மறந்து சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வரிசையில் இடைவெளியே இல்லை. எப்படி இருக்கும்? மாடத்திக்கு அந்த வரிசையில் இடமே போடவில்லையே.

வடிவம்மாள் கையில் ஒற்றை இலையோடு வந்து நின்றாள்.

“பின்னறைக்கு ஒரு எலை போடணுமே. அந்தப் பிள்ளை எங்கம்மா?”

ஞானபாக்கியத்தின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

அருவிக்கரையில் எல்லாக் கையும் ஜோடியாக இருந்தது. எல்லாக் கையையும் பார்த்தாள்.

தன் கையைப் பார்க்கவில்லை.

விசிலைப் பிடித்திருந்த கை. ஊதிவிட்டு உயர்த்த வேண்டிய கை. மாடத்தியின் ஜோடி அவள்தானே. ‘என் ஜோடியைக் காணோம்’ என்று அந்தக் கூட்டத்தில் தனியாக நின்ற ஒரே கை அவளுடையதுதானே. ஆண்டவரே, அந்தப் பிள்ளையின் விரலை எப்போது விட்டேன்? கடைக்காரர் மகளுக்காக விட்டபோதா? அதற்கு முந்தி இந்த வாசலிலா?

வெளியே ஓடினாள். மழைக்குள் நின்று மூச்சு உள்ளமட்டும் விசிலை ஊதினாள்.

சப்.

பின்னறையிலிருந்து.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். அதே பூசணம், அதே நல்லெண்ணெய், அதே ஈரத்துணி. இருட்டில் மாடத்தி நின்றாள். தலையோடு கால் செம்மண் தண்ணீர். சடையில் சருகு. வலது கை நேரே உயரத்தில், விரல்களை விரித்து மடக்கி, யாருடைய விரல்களோடோ கோத்த மாதிரி. ஆனால் பக்கத்தில் ஒருவருமில்லை.

சுவரில் கை இருந்த இடம் காலியாக இருந்தது.

“மாடத்தி! ஏ தாயி!”

“தண்ணி இழுத்துட்டு டீச்சர்,” என்றாள் மாடத்தி. குரலில் அழுகை இல்லை. “உங்களக் கூப்புட்டேன். நீங்க திரும்பல. இந்த அக்காதான் கையப் புடிச்சா. ஓடை வழியா இங்கனயே கூட்டியாந்துட்டா.”

பிள்ளையின் மணிக்கட்டைச் சுற்றி வெளிறிய தடம் இருந்தது. நாலு விரலும் ஒரு பெருவிரலும். மாடத்தியின் விரலை விடக் கொஞ்சம்தான் பெரிசு.

ஞானபாக்கியம் கிட்டே போனாள். அவளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். மாடத்தி அரை அடி பின்னால் போனாள்.

“எனக்கு ஜோடி கெடச்சிட்டு டீச்சர்.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது ஞானபாக்கியத்துக்கு. உயிரோடு இருக்கிறவள் விட்ட கையைச் செத்துப் போனவள் பிடித்திருக்கிறாள். அதுவும் யார்? இதே மாதிரி ஒரு டீச்சர் மறந்துவிட்டுப் போன பிள்ளை.

ஓடிப் போய் வடிவம்மாள் கையிலிருந்த இலையைப் பிடுங்கினாள். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். கோமதியம்மாள், “எங்க போறீங்க? மொதலாளிக்குத் தெரிஞ்சா…” என்று ஆரம்பித்ததைக் காதில் வாங்கவில்லை. பின்னறையில் மாடத்திக்கு முன்னால் சோற்றை வைத்தாள். அவள் பக்கத்தில் தன் இலையை விரித்தாள்.

“அங்கன இல்ல டீச்சர்,” என்றாள் மாடத்தி மெதுவாக. “அங்கன அவ இருக்கா.”

“பொறவு நான்…”

மாடத்தி பக்கத்தில் திரும்பி எதையோ கேட்டுக்கொண்டாள். பிறகு வாசலைக் காட்டினாள்.

“நீங்க வெளிய உக்காருவியளாம்.”

டீச்சர் அந்த இலையை மாடத்தியின் பக்கத்திலேயே விட்டுவிட்டு, பாசிபிடித்த படிக்கல்லில், மழையில் உட்கார்ந்தாள். தாத்தா உட்கார்ந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஹால் ஜன்னலில் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக நின்று பார்த்தன. உள்ளே இரண்டு பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று மாடத்தியின் சிரிப்பு.

“அந்த அக்கா பேரு என்ன மாடத்தி?” என்று வாசலிலிருந்தே கேட்டாள்.

உள்ளே குசுகுசுவென்று பேச்சு.

“சொன்னா டீச்சர். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதாம்.”

பழத்தோட்டம் பார்க்காமலே கிளம்பினார்கள். பஸ்ஸில் மாடத்தி முன் சீட்டுக்கு வரவில்லை. கடைசி சீட்டில் ஜன்னலோரம் இடம் விட்டு உட்கார்ந்தாள். ஞானபாக்கியம் போய்ப் பக்கத்தில் நின்றபோது, “ஆளு இருக்கு டீச்சர்,” என்றாள். ரெக்சின் சீட்டில் நீர் தேங்கி நின்றது. மேலே கூரை ஒழுகவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஜோடி முறையை எடுத்துவிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் வந்தது. ஞானபாக்கியம்தான் பிடிவாதமாகக் கொண்டுவந்தாள். கடைக்காரர் வீட்டு அம்மாவிடமும் முகத்துக்கு நேரே பேசி, மாடத்தியை நடு பெஞ்சில் உட்கார்த்தினாள். எல்லாம் செய்தாள். ஆனால் மாடத்தி எதற்கும் அவள் கையைப் பிடிக்கவில்லை. கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

ஆலங்குளத்துக் கரிசலில் சாரல் எட்டிக்கூடப் பார்க்காது. சித்திரையில் சுவரைத் தொட்டால் கை பொரியும். அடுத்து வந்த சித்திரையில்தான், மாடத்தி உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே, வகுப்புச் சுவரில் ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. விரல் விரித்து, ஈரமாக. சுண்ணாம்பு அடித்தார்கள். மறுநாளும் இருந்தது.

ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, ஞானபாக்கியம் பெஞ்சில் ஏறி அதன் மேல் தன் கையை வைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வைத்தாள்.

அவள் உள்ளங்கை பட்டதும் சுவர் வெயிலில் கிடந்த கல்லாகச் சுட்டது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கையை எடுத்தாள்.

மெதுவாக, ஒவ்வொரு விரலாக, அந்தக் கை திரும்ப நனைந்து வந்தது.